படம் வருகிறது, ஆனால் தவறாக வருகிறது: ஆக்டேவ், மேட்பிளாட்லிப் வரைபடங்களுக்கு அறிகுறி வாரியான பிழை நீக்கும் வழிமுறை

புதுச்சேரியிலும் கடலூரிலும் கணிதம், இயற்பியல், புவியியல், கட்டுமானப் பொறியியல் பயிலும் மாணவர்களில் சிலர் செயல்திட்ட அறிக்கைக்கான வரைபடங்களைக் குனு ஆக்டேவ் என்ற கணிப்பு மென்பொருளில் வரைகிறார்கள். சிலர் ஆய்வகத்தில் கிடைக்கும் மேட்லேபில் வரைகிறார்கள். மற்றவர்கள் பைத்தானின் நம்பை, மேட்பிளாட்லிப் தொகுப்புகளைப் பயன்படுத்துகிறார்கள். சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வரும் கோளாறுகள் அவ்வளவு தொல்லை தருவதில்லை, ஏனென்றால் செய்தியின் கடைசி வரியைப் பொறுமையாகப் படித்தாலே பாதி வழி தெரிந்துவிடும். எந்தச் செய்தியும் இல்லாமல், பார்வைக்கு நேர்த்தியாக, முற்றிலும் தவறான படம் வந்து நிற்கும்போதுதான் ஆபத்து. அந்தப் படத்தை நம்பி அறிக்கையில் ஒட்டி, அதற்குப் பொருந்துவதுபோல் ஒரு விளக்கமும் எழுதிவிடுவோம்.

ஆகவே இங்கே கோளாறுகளை மென்பொருள் வாரியாகப் பிரிக்கவில்லை. திரையில் என்ன தெரிகிறது என்பதைக் கொண்டே பிரித்திருக்கிறேன். கட்டளைப் பெயர்கள் ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. தட்டச்சு செய்யும்போது அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளையே இட வேண்டும். ஆக்டேவுக்குச் சொல்வது, வேறுபடுத்திச் சொல்லாத இடங்களில், மேட்லேபுக்கும் பொருந்தும்.

## சன்னல் திறக்கவில்லை, அல்லது சேமித்த கோப்பு வெள்ளையாக இருக்கிறது

மேட்பிளாட்லிப்பில் வெற்றுக் கோப்பு வந்தால், ‘ஷோ’ கட்டளைக்குப் பிறகு ‘சேவ்ஃபிக்’ கட்டளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிரலாக இயக்கும்போது ஷோ ஒரு சன்னலைத் திறந்து, நாம் அதை மூடும் வரை காத்திருக்கிறது. மூடியதும் அந்தப் படம் நடப்பிலிருந்து நீங்கிவிடுகிறது. அடுத்து வரும் சேவ்ஃபிக், நடப்பில் படம் எதுவும் இல்லாததால், புதிதாக ஒரு வெற்றுப் படத்தை உருவாக்கி அதைச் சேமிக்கிறது. சேவ்ஃபிக்கை முன்னால் வையுங்கள். அதைவிட நல்லது, படத்தை ஒரு மாறியில் பிடித்துவைத்து அந்த மாறியின் வழியாகவே சேமிப்பது.

ஆக்டேவ் நிரலை முனையத்திலிருந்து இயக்கும்போது சன்னல் ஒரு கணம் தோன்றி மறைந்தால், நிரல் முடிந்ததும் ஆக்டேவும் மூடிக்கொள்கிறது என்று பொருள். ‘பெர்சிஸ்ட்’ விருப்பத்துடன் இயக்கினால் சன்னல் நிற்கும். பழைய மடிக்கணினிகளில் முப்பரிமாணப் படம் கருப்பாகவோ கிழிந்ததுபோலவோ வந்தால், ‘கிராஃபிக்ஸ் டூல்கிட்’ கட்டளை மூலம் படம் வரையும் கருவியைக் க்யூடியிலிருந்து எஃப்எல்டிகே அல்லது குனுபிளாட்டுக்கு மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு உங்கள் நிரலில் இருக்காது, திரை இயக்கியில் இருக்கும்.

நேற்று சரியாக வந்த படம் இன்று மாறி வந்தால், ஜூப்பிட்டர் ஏட்டில் கட்டங்களை வரிசை மாற்றி இயக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பழைய மாறிகள் நினைவில் தங்கியிருக்கும். கெர்னலை, அதாவது பின்னணியில் நிரலை இயக்கும் பகுதியை, மறுதொடக்கம் செய்து, மேலிருந்து கீழாக முழுவதையும் இயக்கிய பிறகே வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

## கிண்ணம் போன்ற பரப்பு தட்டையாக வருகிறது

எக்ஸ் வர்க்கமும் ஒய் வர்க்கமும் கூட்டிய பரப்பை −1 முதல் 1 வரை வரையச் சொன்னால் கிண்ணம் வர வேண்டும். ஆக்டேவில் சிலருக்குத் தட்டையான தாள் வருகிறது, அல்லது செங்குத்து அச்சில் 10⁻¹⁵ போன்ற எண்களோடு தாறுமாறான மேடுபள்ளம் வருகிறது. இதற்குக் காரணம் ஒரு புள்ளி விடுபட்டதுதான்.

ஆக்டேவில் * என்பது அணிப் பெருக்கல், ^ என்பது அணியின் அடுக்கு. உறுப்புக்கு உறுப்பு பெருக்க .* என்றும், அடுக்குக்கு .^ என்றும் எழுத வேண்டும். ஒற்றை வரிசைத் தரவில் புள்ளியை விட்டுவிட்டால் ‘நான்கன்ஃபார்மன்ட்’ என்ற சொல் உள்ள செய்தியோ, சதுர அணிதான் வேண்டும் என்ற செய்தியோ வந்து நம்மைக் காப்பாற்றிவிடும். ஆனால் எக்ஸ், ஒய் மதிப்புகளை வலையாக விரிக்கும் ‘மெஷ்கிரிட்’ கட்டளை தரும் அணி 41-க்கு 41 என்று சதுரமாக இருந்தால் அணிப் பெருக்கல் செல்லுபடியாகும், எந்தச் செய்தியும் வராது. எக்ஸ் அணியின் ஒவ்வொரு வரிசையும் −1 முதல் 1 வரையான அதே எண்கள். அந்த அணியைத் தன்னோடு அணிமுறையில் பெருக்கினால், ஒவ்வோர் உறுப்பும் அந்த எண்ணையும் வரிசையின் கூட்டுத்தொகையையும் பெருக்கியதாக அமைகிறது. சமச்சீர் இடைவெளியில் அந்தக் கூட்டுத்தொகை சுழியம். ஒய் அணிக்கும் அதே கதி. கிண்ணம் காணாமல் போவது இப்படித்தான். இடைவெளி 0 முதல் 1 வரை என்றிருந்தால் கூட்டுத்தொகை சுழியமாகாமல், ஒரு சாய்தளம் கிடைக்கும். அது இன்னும் நம்பும்படி இருக்கும் என்பதால் இன்னும் மோசமானது.

சோதனை எளிது: மெஷ்கிரிட்டில் எக்ஸுக்கு 41, ஒய்க்கு 37 என்று வெவ்வேறு எண்ணிக்கை கொடுங்கள். புள்ளி விடுபட்ட இடம் உடனே பிழைச் செய்தியாக வெளியே வரும். நிரல் எழுதும் காலத்தில் சதுரமல்லாத வலையையே எப்போதும் பயன்படுத்துவது நல்ல பழக்கம் என்பது என் உறுதியான கருத்து.

பைத்தானில் நிலைமை வேறு. நம்பை அணிகளில் * என்பதே உறுப்புவாரிப் பெருக்கல். ஆனால் ^ என்பது அடுக்கே அல்ல, இரும எண்களின் மேல் செய்யப்படும் ஒரு தர்க்கச் செயல். பதின்ம எண்களில் பிழைச் செய்தி வரும். முழு எண்களில் வராது: 0, 1, 2, 3, 4, 5 என்ற வரிசையை ^2 என்று எழுதினால் 2, 3, 0, 1, 6, 7 என்று விடை வரும். பரவளைவுக்குப் பதில் ரம்பப் பல் போன்ற கோடு தெரிந்தால் இதுதான் காரணம். அடுக்குக்கு ** என்று எழுதுங்கள்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னோர் அறிகுறி: ஒரு வளைவை வரையச் சொன்னால் நூறு கோடுகள் வருகின்றன. ஒரு மாறி கிடைவரிசையாகவும் மற்றொன்று நெடுவரிசையாகவும் இருந்து, இரண்டையும் உறுப்புவாரியாகப் பெருக்கும்போது மென்பொருள் தானாகவே அதை 100-க்கு 100 அணியாக விரித்துக்கொள்கிறது. மேட்லேபில் ஆர்2016பி பதிப்பிலிருந்து இந்த விரிவாக்கம் பிழைச் செய்தியின்றி நடக்கிறது. ‘சைஸ்’ கட்டளையால் இரண்டின் அளவையும் பார்த்து, ஒன்றைத் திருப்பிவிடுங்கள்.

## அலைகள் குறைவாகத் தெரிகின்றன

ஆக்டேவில் சம இடைவெளிப் புள்ளிகளைத் தரும் ‘லின்ஸ்பேஸ்’ கட்டளைக்குப் புள்ளிகளின் எண்ணிக்கையைச் சொல்லாவிட்டால் அது 100 புள்ளிகளைத் தரும். 0 முதல் 2π வரை அந்த 100 புள்ளிகளில் சைன் 100எக்ஸ் என்ற சார்பை வரைந்து பாருங்கள். நூறு அலைகள் வர வேண்டிய இடத்தில் ஒரே ஓர் அலை, வழுவழுப்பாக, பாடப்புத்தகத்தில் உள்ள சைன் வளைவைப் போலவே வரும். புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் 2π/99. 100-ஐ 99 ஆல் வகுத்தால் ஒன்றும், மீதி 99-இல் ஒரு பங்கும். அந்த முழு ஒன்று ஒரு முழுச் சுற்று என்பதால் சைனுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. எஞ்சுவது சைன் எக்ஸ் மட்டுமே. சைன் 99எக்ஸ் என்று மாற்றினால் எல்லாப் புள்ளிகளும் சுழியத்தில் விழும். அச்சின் அளவு தானாகச் சுருங்கி, 10⁻¹⁴ அளவிலான வட்டமாக்கல் பிழைகள் பெரிய அலைபோலத் திரையை நிரப்பும். நம்பையின் லின்ஸ்பேஸ் 50 புள்ளிகள் தருவதால் அங்கே இதே விளைவு சைன் 50எக்ஸிலும் சைன் 49எக்ஸிலும் கிடைக்கும்.

கண்டுபிடிக்க ஒரே வழி, புள்ளிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி மீண்டும் வரைவது. படம் மாறவில்லை என்றால் ஓரளவு நம்பலாம். மாறினால் மாறாத நிலை வரும் வரை கூட்டுங்கள். சரியாக இரண்டு மடங்காக்காமல் 100-க்கு 233 என்பதுபோல் ஒட்டாத எண்ணைக் கொடுப்பது மேலும் பாதுகாப்பு. கண்ணுக்கு வளைவு வழுவழுப்பாகத் தெரிய ஓர் அலைக்கு இருபது புள்ளிகளாவது வேண்டும்.

சார்பு கையில் இருக்கும்போது புள்ளிகளைக் கூட்டலாம். அளந்த தரவில் அது முடியாது. புதுச்சேரிக் கடலோரத்தில் ஓதம் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. அதில் நிலவின் ஈர்ப்பால் எழும் முதன்மைக் கூறின் காலம் ஏறத்தாழ 12.42 மணி. தினமும் காலை ஆறு மணிக்கு மட்டும் நீர்மட்டத்தைக் குறித்துவந்து வரைபடமாக்கினால், அந்தக் கூறு 14.77 நாள் கால அளவுள்ள மெதுவான அலையாகத் தோற்றமளிக்கும். அரை நாளில் முடியும் அலை, வரைபடத்தில் பதினைந்து நாள் அலையாக நிற்கும். எந்த மென்பொருளும் இதைத் திருத்தித் தராது. மணிக்கு ஒரு முறையாவது பதிவான தரவு இல்லாமல் ஓத வரைபடம் போடக் கூடாது.

டேன் சார்பை வரையும்போது இடையிடையே செங்குத்துக் கோடுகள் தோன்றுவதும் புள்ளிகளை நேர்க்கோட்டால் இணைப்பதன் விளைவுதான். மதிப்பு 10-ஐத் தாண்டும் இடங்களில் எண்ணுக்குப் பதிலாக ‘எண் அல்ல’ என்று பொருள்படும் ‘நேன்’ மதிப்பை இட்டால் கோடு அங்கே அறுந்து, வளைவு சரியாக அமையும்.

## நிலப்படத்தில் கடலூர் மேலே, புதுச்சேரி கீழே

புதுச்சேரி வட அட்சரேகை 11.93 பாகையிலும் கடலூர் 11.75 பாகையிலும் உள்ளன. படத்தில் புதுச்சேரி மேலே இருக்க வேண்டும், வங்கக் கடல் வலப்புறம் இருக்க வேண்டும். நம் ஊர்க்காரருக்கு இதைவிட எளிய சோதனை இல்லை. ஆனாலும் ஆழ அளவு, தரைமட்ட உயரம், செயற்கைக்கோள் வெப்பநிலை போன்ற தரவுகளை வண்ணப் படமாக்கும்போது இந்தப் பிழை அடிக்கடி தப்பிவிடுகிறது. மேல்கீழ் புரண்டாலும் கடல் வலப்புறமே நிற்பதால் பார்ப்பவருக்கு ஐயம் எழுவதில்லை.

மேட்பிளாட்லிப்பின் ‘இம்ஷோ’வும் ஆக்டேவின் ‘இமேஜ்எஸ்சி’யும் அணியின் முதல் வரிசையை மேலே வைக்கின்றன, ஏனெனில் அவை அணியைப் புகைப்படமாகக் கருதுகின்றன. உங்கள் தரவில் அட்சரேகை தெற்கிலிருந்து வடக்காக ஏறுகிறது என்றால் படம் தலைகீழாகும். இம்ஷோவுக்கு ‘ஆரிஜின்’ மதிப்பை ‘லோயர்’ என்று கொடுங்கள். ஆக்டேவில் ‘ஆக்சிஸ் எக்ஸ்ஒய்’ என்று கட்டளையிடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அச்சில் பாகை எண்கள் வர வேண்டும் என்பதற்காக ‘எக்ஸ்டென்ட்’ மதிப்பை மட்டும் கொடுத்துவிட்டு ஆரிஜினை மாற்றாமல் விட்டால், அச்சு எண்கள் கீழிருந்து மேலாக முறையாக ஏறும், ஆனால் உள்ளே படம் புரண்டே இருக்கும். எண்கள் சரியாக இருப்பதால் படமும் சரி என்று தோன்றும். நிலையம் அல்லது துறைமுகம் போன்ற தெரிந்த ஓர் இடத்தை ஒரு புள்ளியாக அதே படத்தின் மேல் குறித்துப் பாருங்கள். புதுச்சேரி என்று குறித்த புள்ளி கடலோரக் கோட்டில் அமராமல் கடலுக்குள் விழுந்தால் காரணம் தெரிந்துவிடும்.

கடல் வலப்புறம் இல்லாமல் கீழேயோ மேலேயோ இருந்தால், அது புரண்ட படமல்ல. கிடைவரிசையும் நெடுவரிசையும் இடம் மாறிய படம். அணியைத் திருப்பிய பிறகு ஆரிஜினையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும். அகலமும் உயரமும் இழுபட்டுத் தெரிந்தால் ‘ஆக்சிஸ் ஈக்வல்’ போதும்: நம் அட்சரேகையில் ஒரு பாகைத் தீர்க்கரேகையின் நீளம் ஒரு பாகை அட்சரேகையில் ஏறத்தாழ 98 விழுக்காடு என்பதால், மாவட்ட அளவிலான படத்தில் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

ஆக்டேவின் ‘பிகலர்’ கட்டளை கடைசிக் கிடைவரிசையையும் கடைசி நெடுவரிசையையும் வண்ணமாகக் காட்டுவதில்லை. 5-க்கு 5 அணிக்கு 4-க்கு 4 கட்டங்களே வரும். சிறிய அணிகளுக்கு இமேஜ்எஸ்சி மேலானது.

## மார்ச் மாதத்தில் கடலூரில் கனமழை

கடலூர், புதுச்சேரிப் பகுதிக்கு ஆண்டு மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. நாள் மழைத் தரவை வரையும்போது பிப்ரவரி, மார்ச், ஏப்ரலிலும் பெருங்கம்பங்கள் எழுந்தால், தேதிகளை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு மாதத்திலும் 10, 11, 12 ஆகிய தேதிகளில் மட்டும் கம்பங்கள் நிற்கின்றன என்றால் காரணம் உறுதி: நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன.

நாம் நவம்பர் 3-ஐ 03/11 என்று எழுதுகிறோம். பைத்தானின் பாண்டாஸ் தொகுப்பு, வேறு எதுவும் சொல்லாவிட்டால், முதல் எண்ணை மாதமாக எடுத்துக்கொண்டு அதை மார்ச் 11 என்று படிக்கிறது. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களின் முதல் பன்னிரண்டு நாட்களின் மழை இப்படி ஆண்டு முழுவதற்கும் சிதறி, ஒவ்வொரு மாதத்தின் 10, 11, 12 தேதிகளில் போய் விழுகிறது. பழைய பதிப்புகளில் 12-க்கு மேற்பட்ட தேதிகளை மட்டும் அது நாளாகச் சரியாகப் படித்துவிடும். அதனால் படத்தில் பாதி உண்மையும் பாதிப் பொய்யும் கலந்து, பருவமழை இருப்பதுபோலவும், கோடை மழை கூடுதலாக இருப்பதுபோலவும் தோன்றும். பருவநிலை மாற்றத்துக்குச் சான்றாக ஒருவர் இதை எடுத்து எழுதிவிடவும் கூடும். 2023-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து பாண்டாஸ் ஒரே வடிவத்தை எல்லா வரிகளுக்கும் பொருத்தி, பொருந்தாத தேதி வந்தால் பிழைச் செய்தி தருகிறது. அந்தச் செய்தியை வரவேற்க வேண்டும். அடக்க முயலக் கூடாது. ‘டேஃபர்ஸ்ட்’ என்பதை ‘ட்ரூ’ என்று கொடுங்கள், அல்லது தேதி வடிவத்தை வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

கம்பம் ஒரு நாள் மட்டும் தள்ளி நிற்பது பிழை அல்ல. இந்திய வானிலை ஆய்வுத் துறை நாள் மழையைக் காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 வரை கணக்கிட்டு, முடிவடையும் நாளின் பெயரில் பதிகிறது. 2024 நவம்பர் 30 அன்று இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது பெய்த, 45 சென்டிமீட்டரைத் தாண்டிய மழை, அந்த முறைப்படி டிசம்பர் 1-ஆம் தேதிக்குரியதாகிறது. தரவைத் தள்ளி வைக்காமல், இந்தக் கணக்கீட்டு முறையைப் படத்தின் கீழே ஒரு வரியில் எழுதிவிடுவதே முறை.

மழை சுழியத்துக்குக் கீழே போனாலோ, ஒரு கம்பம் மட்டும் வானளாவ நின்று மற்றவை எறும்பாகச் சுருங்கினாலோ, பதிவு இல்லாத நாட்களுக்கு −99 அல்லது 999 போன்ற குறியீட்டு எண் இடப்பட்டிருக்கும். அவற்றை நேன் ஆக்குங்கள். சுழியம் ஆக்கக் கூடாது. மழை பெய்யவில்லை என்பதும் அளக்கப்படவில்லை என்பதும் வேறு வேறு செய்திகள்.

## தமிழ் எழுத்துகள் பெட்டிகளாக, அல்லது உடைந்து வருகின்றன

இது இரண்டு கோளாறு. முதலாவது தீர்ந்ததும் இரண்டாவது தலைகாட்டும் என்பதால் பலர் நடுவழியில் கைவிட்டு ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறார்கள். தமிழில் அறிக்கை எழுதும் மாணவர் படத்துக்குள் மட்டும் மொழி மாற வேண்டியதில்லை. வழி இருக்கிறது, சற்றுச் சுற்றுவழி.

பெட்டிகள் வந்தால் எழுத்துருவில் தமிழ் இல்லை என்று பொருள். மேட்பிளாட்லிப்பின் இயல்பு எழுத்துருவான டெஜாவு சான்ஸில் தமிழ் கிடையாது. அப்போது முனையத்தில் வரும் எச்சரிக்கையில் 2965 என்பது போன்ற எண் இருக்கும். அது ‘க’ எழுத்தின் ஒருங்குறி எண். 2944 முதல் 3071 வரையான எண்கள் எல்லாம் தமிழுக்கு ஒதுக்கப்பட்டவை. நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித் தமிழ், விண்டோஸில் நிர்மலா யூஐ ஆகியவற்றில் ஒன்றை ‘ஃபான்ட் ஃபேமிலி’ அமைப்பில் முதலாவதாகவும், டெஜாவு சான்ஸை இரண்டாவதாகவும் கொடுங்கள்; 3.6 பதிப்பிலிருந்து ஓர் எழுத்துருவில் இல்லாத எழுத்தை அடுத்ததிலிருந்து எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. எழுத்துருவைப் புதிதாக நிறுவியும் மென்பொருள் அதைக் காணவில்லை என்றால், மேட்பிளாட்லிப் சேமித்துவைத்துள்ள எழுத்துருப் பட்டியல் பழையது. அந்தக் கோப்பை நீக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். எல்லாம் சரியாகி, எதிர்ம எண்களின் கழித்தல் குறி மட்டும் பெட்டியாக நின்றால், ‘ஆக்சஸ் யூனிகோட் மைனஸ்’ அமைப்பை அணைத்துவிடுங்கள்.

இப்போது இரண்டாவது கோளாறு. ‘கெடிலம்’ என்று எழுதினால், முதலில் ‘க’, அதன் பிறகு ஒற்றைக்கொம்பு தனியே, பிறகு ‘ட’ என்று வரும். ‘தென்பெண்ணை’ மூன்று இடத்தில் உடையும். ‘புதுச்சேரி’யில் உகரங்கள் உடலோடு ஒட்டாமல் பக்கத்தில் நிற்கும். இதற்குக் காரணம் எழுத்துரு அல்ல. ஒருங்குறியில் ‘கெ’ என்பது 2965-ஐ அடுத்து 3014 என்ற வரிசையில், அதாவது மெய்க்குப் பின் கொம்பாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னுக்குக் கொண்டுவருவதும், ‘து’, ‘லூ’ போன்ற கூட்டு வடிவங்களைப் பொருத்துவதும் எழுத்தமைப்பு இயந்திரத்தின் வேலை. பரவலாகப் புழங்கும் மேட்பிளாட்லிப் பதிப்புகளும், ஆக்டேவின் க்யூடி வழி வரைதலும் எழுத்துகளை வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக அடுக்குகின்றன. எத்தனை எழுத்துருவை மாற்றினாலும் இது தீராது.

தீர்க்கும் வழிகளில் எனக்கு மிகவும் ஏற்றதாகப் படுவது எஸ்விஜி என்ற கோப்பு வடிவம். மேட்பிளாட்லிப்பில் ‘எஸ்விஜி ஃபான்ட்டைப்’ அமைப்பை ‘நன்’ என்று வைத்து, படத்தை எஸ்விஜி கோப்பாகச் சேமியுங்கள். இயல்பு அமைப்பில் எழுத்துகள் கோட்டுருவமாக உடைந்தபடியே பதிந்துவிடும். இந்த அமைப்பில் அவை எழுத்தாகவே கோப்பில் தங்கும். ஃபயர்ஃபாக்ஸிலோ இங்க்ஸ்கேப்பிலோ திறந்ததும், அங்குள்ள எழுத்தமைப்பு இயந்திரம் கொம்பை உரிய இடத்தில் வைத்துவிடும். இங்க்ஸ்கேப்பிலிருந்து பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்தால் அறிக்கைக்குத் தயார். லேடெக்கில் அறிக்கை எழுதுவோர், மேட்பிளாட்லிப்பின் பிஜிஎஃப் வழியைச் சீலேடெக் இயந்திரத்தோடு பயன்படுத்தலாம். எழுத்துரு அமைப்பில் ‘ஸ்கிரிப்ட்’ என்பதற்குத் தமிழ் என்று குறிப்பிட மறந்தால் அங்கும் எழுத்து உடையும். ஆக்டேவ் பயனர்கள், கணக்கை ஆக்டேவில் முடித்து, எண்களைக் கோப்பாகச் சேமித்து, குனுபிளாட்டின் ‘பிஎன்ஜிகெய்ரோ’ அல்லது ‘பிடிஎஃப்கெய்ரோ’ வெளியீட்டில் வரையலாம். அது பாங்கோ இயந்திரத்தின் வழியாக எழுதுவதால் தமிழ் சரியாக வரும்.

## வண்ணத்தில் இல்லாத எல்லைகள் தெரிகின்றன

கடல் ஆழப் படத்தில் சீராகச் சரியும் தரையில் திடீரென ஒரு மஞ்சள் பட்டையும் ஒரு வெளிர்நீலப் பட்டையும் கரைபோலத் தெரிந்தால், ‘ஜெட்’ என்ற வானவில் வண்ண வரிசையைப் பயன்படுத்துகிறீர்களா என்று பாருங்கள். அந்த வரிசையின் ஒளிர்வு சீராக ஏறுவதில்லை. மஞ்சளிலும் வெளிர்நீலத்திலும் பளிச்சிடுவதால் தரவில் இல்லாத விளிம்பு கண்ணுக்குப் படுகிறது. மேட்லேப் 2014-இன் பி பதிப்பில் ஜெட்டைக் கைவிட்டுப் ‘பருலா’வையும், மேட்பிளாட்லிப் 2017-இல் வந்த 2.0 பதிப்பில் ‘விரிடிஸ்’ஸையும் இயல்பாக்கின. விரிடிஸ் கருப்பு வெள்ளை நகலிலும் வரிசை மாறாமல் இருக்கும்.

இரண்டு படங்களை ஒப்பிடும்போது இதைவிடப் பெரிய தவறு நேர்கிறது. 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்த பிறகு, வடக்கு நோக்கிய மணல் நகர்வு தடைபட்டு, நகரக் கடற்கரை அரிக்கப்பட்டது. இத்தகைய மாற்றத்தைக் காட்ட இரு ஆண்டுகளின் ஆழப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது, ஒவ்வொரு படமும் தன் தரவின் சிறும, பெரும மதிப்புக்கேற்ப வண்ணத்தைத் தானாகவே நீட்டிக்கொள்ளும். ஒரே நிறம் இரு படங்களிலும் வெவ்வேறு ஆழத்தைக் குறிக்கும். ‘விமின்’, ‘விமேக்ஸ்’ எல்லைகளை இரண்டுக்கும் ஒன்றாகவே கொடுங்கள். ஆக்டேவில் ‘கேக்சிஸ்’ கட்டளை அதைச் செய்யும். முடிந்தால் மூன்றாவதாக, இரண்டின் வேறுபாட்டையே ஒரு படமாக்கி, சுழியம் வெண்மையாக அமையும் இருதிசை வண்ண வரிசையில் காட்டுங்கள். அரிப்பும் படிவும் அங்கேதான் நேராகப் பேசும்.

## மாண்டல்பிராட் படம் பெருக்கும்போது கட்டம் கட்டமாகிறது

மாண்டல்பிராட் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே சூத்திரத்தைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டு நிறம் தருகிறோம். கருப்புத் திட்டு வீங்கித் தெரிந்தால் அந்தச் சுழற்சி எண்ணிக்கை போதவில்லை. ஆழமாகப் பெருக்கப் பெருக்க அதையும் கூட்ட வேண்டும். அதைக் கூட்டியும் படம் சதுரக் கட்டங்களாக உடைந்தால், இரட்டைத் துல்லிய எண்களின் எல்லையை எட்டிவிட்டீர்கள். அவை ஏறத்தாழ பதினாறு இலக்கங்களையே தாங்கும். ஆயிரம் பிக்சல் அகலப் படத்தில் சாளரத்தின் அகலம் 10⁻¹³ அளவுக்குச் சுருங்கும்போது அடுத்தடுத்த பிக்சல்களுக்கு ஒரே எண் கிடைக்கத் தொடங்குகிறது. எம்பிமேத் போன்ற உயர்துல்லியத் தொகுப்பு தீர்வு தரும், ஆனால் பலமடங்கு மெதுவாக.

## திரையில் நன்றாக இருந்தது, தாளில் மங்கிவிட்டது

மேட்பிளாட்லிப்பின் இயல்பு அளவு 6.4-க்கு 4.8 அங்குலம், அங்குலத்துக்கு 100 புள்ளி. அதாவது 640-க்கு 480 பிக்சல் மட்டுமே. ஏ4 தாளில் ஓரம் போக ஏறத்தாழ 16 சென்டிமீட்டர், அதாவது 6.3 அங்குலம் எஞ்சும். படத்தை வரையும்போதே அந்த அகலத்தில் வரையுங்கள். 12 அங்குலத்தில் வரைந்து பாதியாகச் சுருக்கி ஒட்டினால் 10 புள்ளி எழுத்து 5 புள்ளியாகிவிடும். பல அறிக்கைகளில் அச்சு எண்களைப் படிக்க முடியாததற்கு இதுவே காரணம். கோட்டு வரைபடங்களைப் பிடிஎஃப் ஆகவும், வண்ணப் படங்களை அங்குலத்துக்கு 300 புள்ளியில் பிஎன்ஜி ஆகவும் சேமியுங்கள். ஜேபெக் வேண்டாம், எழுத்தைச் சுற்றி அழுக்குப் படியும். ஓரத்தில் எழுத்து வெட்டுப்பட்டால் ‘பிபாக்ஸ் இன்ச்சஸ்’ மதிப்பை ‘டைட்’ என்று கொடுங்கள். லட்சக்கணக்கான புள்ளிகள் உள்ள படத்தைப் பிடிஎஃப் ஆக்கி அது திறக்கவே மறுத்தால், புள்ளிகளை மட்டும் ‘ராஸ்டரைஸ்டு’ ஆக்குங்கள். எழுத்தும் அச்சும் கூர்மையாகவே இருக்கும்.

அறிக்கையின் இரண்டாம், மூன்றாம் படிகள் ஜெராக்ஸ் கடையில் கருப்பு வெள்ளையில்தான் எடுக்கப்படும் என்பதை முன்பே கணக்கில் கொள்ளுங்கள். சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் அங்கே ஒரே சாம்பல். நிறத்தோடு தொடர்கோடு, விட்டகோடு, புள்ளிக்கோடு என்ற வேறுபாட்டையும், வட்டம், சதுரம் போன்ற குறிகளையும் சேர்த்தே கொடுங்கள். கடைக்கு வாட்ஸ்அப் வழியாகப் படத்தை அனுப்புவதானால் ஆவணமாக அனுப்புங்கள். புகைப்படமாக அனுப்பினால் சுருக்கப்பட்டே போய்ச் சேரும். பிடிஎஃப் அனுப்பும் முன் அதன் பண்புகளில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து, தமிழ் எழுத்துருவுக்கு எதிரே உட்பொதிக்கப்பட்டது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் கடைக் கணினியில் அந்த எழுத்துரு இருந்தாலொழிய பெட்டிகளே அச்சாகும். இங்க்ஸ்கேப்பில் ஏற்றுமதி செய்யும்போது எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றும் விருப்பத்தைத் தேர்ந்தெடுத்தால், எந்தக் கணினியிலும் ‘கெடிலம்’ கெடிலமாகவே அச்சாகும்.